விஜயம் வைத்திருந்த நாற்பது முட்டைகள்

விஜயம் என் நாத்தனார். என் கணவர் சேஷனின் தங்கை. நான் கல்யாணமாகிக் கரமனை அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது ஐம்பத்தொன்று. இத்தனை வருஷம் ஒரே சமையலறையில் புழங்கியும் நாங்கள் இரண்டு பேரும் சண்டையே போட்டதில்லை என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். சண்டை போட இரண்டு பேர் வேண்டும். நான் எப்போதும் தயார்தான். அவள்தான் வர மாட்டாள்.

பழவங்காடிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. இருபது வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. யார் எந்த டாக்டரிடம் போக வேண்டும், யாருக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த ஜன்னலை விட்டு வெளியே வந்துவிட்டால் குழப்பம் ஆரம்பித்துவிடும். கிழக்கேகோட்டையில் வீட்டுக்கு வருகிற பஸ் இரண்டு சேர்ந்து நின்றால், எதில் ஏறுவது என்று யோசித்து யோசித்து இரண்டையும் விட்டுவிடுவாள். எனக்கு இதெல்லாம் பொறுக்காது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு கேள்விக்கு ஒரு விடை. அதனால் அவளுக்கான முடிவுகளைப் பெரும்பாலும் நானே எடுத்துவிடுவேன். அதை உதவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என்னைக் கேட்காமல், தானாக ஒரு முடிவு எடுத்தாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பிள்ளை சாய் டெக்னோபார்க்கில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு ஜந்துக்களை வாங்கிக்கொண்டு வந்தான். ஆக்ஸலாட்டல் என்று பேராம். பல்லியா மீனா என்று பார்த்தவுடன் தீர்மானம் பண்ண முடியாது. ஒரு சாண் நீளம், நாலு கால், வால், தலையின் இரண்டு பக்கமும் மும்மூன்றாகச் சிவப்புக் குஞ்சங்கள். அந்தக் குஞ்சங்களால்தான் தண்ணீருக்குள் மூச்சு விடுகிறதாம். வாய் இரண்டு பக்கமும் மேலே வளைந்து எப்போது பார்த்தாலும் சிரிக்கிற மாதிரியே இருக்கும். வெளுப்பாக இருந்ததற்குப் பப்படம் என்றும் மஞ்சளாக இருந்ததற்குப் போளி என்றும் சாய் பேர் வைத்தான். இரண்டும் ஆண் என்று விற்றவன் அடித்துச் சொன்னானாம்.

குளிர் ஏரியில் பிறந்த ஜாதி. பதினெட்டு டிகிரித் தண்ணீர்தான் அதற்குச் சுகம். நம் ஊரில் பைப்பைத் திறந்தாலே தண்ணீர் வெதுவெதுவென்று வருகிறது. அதற்காக ஒரு குளிரூட்டும் மெஷின், ஒரு தெர்மாமீட்டர், கரண்டு போனால் தொட்டிக்குள் மிதக்கவிட ஃப்ரீசரில் நாலு ஐஸ் பாட்டில். "இந்த ஆத்துல மனுஷாளுக்கு ஏசி கிடையாது" என்று சேஷன் தினம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார்.

போன மலையாளச் சிங்க மாசத்தில், அதாவது ஆவணியில், சாய் கனடாவுக்குப் போனான். போகும்போது தொட்டியை யாரிடம் ஒப்படைத்தான் என்கிறீர்கள்? பெற்றவள் நான், ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறேன். என்னிடம் இல்லை. அத்தையிடம். "அம்மா, நீ திட்டுவே. அத்தை பாத்துப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சுருக்கென்றது; மறைப்பானேன். எல்.கே.ஜி. சேரும்வரை அவன் அவள் இடுப்பில்தான் வளர்ந்தான். நான் பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தேன். குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஆனாலும் குறைப்பட்டேன்.

விஜயம் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். தென்னை மரத்தடியில் மண்ணைக் கிளறி மண்புழு எடுப்பாள். வெங்காயம்கூடச் சேர்க்காதவள், புழுவைக் கழுவி இடுக்கியில் பிடித்து, "மன்னிச்சுக்கோ" என்று அதனிடம் முணுமுணுத்துவிட்டுப் பப்படத்தின் வாயருகே கொண்டுபோவாள். புழுவிடம் சொல்கிறாளா பப்படத்திடம் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

திருவாதிரைக்கு மறுநாள் காலை. நான் மீந்த களியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். தொட்டி இருக்கிற அறையிலிருந்து குரல் வந்தது.

"மன்னி, இங்க சித்த வாங்கோ. எனக்கு ஒண்ணும் மனசிலாகலை."

போய்ப் பார்த்தேன். தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் செடிகளின் இலைகளிலெல்லாம் ஊறின ஜவ்வரிசி ஒட்டியிருந்தது. இலைக்கு நாலு, அஞ்சு, தண்டில் வரிசையாக. ஒவ்வொரு ஜவ்வரிசிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. பப்படம் ஒரு மூலையில் வயிறு ஒட்டிக் கிடந்தது. போளி ஒரு இலைக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து ஒரு ஜவ்வரிசியை விழுங்கியது.

"ஜவ்வரிசியை யாரு இதுல போட்டா?" என்றேன்.

"ஜவ்வரிசி இல்லை மன்னி. முட்டை."

"ரெண்டும் ஆம்பளைன்னானே?"

"அப்படித்தான் சொன்னான்."

"ஆம்பளை எப்படிடி முட்டை போடும்?"

"அதான் எனக்கும் மனசிலாகலை."

சேஷன் பேப்பரும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசற்படியை இதுவரை முட்டை தாண்டியதில்லை. சாயின் பிறந்தநாள் கேக்கைக்கூட முட்டையில்லாதது என்று கடைக்காரனிடம் மூன்று தடவை கேட்டுத்தான் வாங்குவோம். இப்போது வாசற்படியைத் தாண்டாமல், உள்ளேயே வந்துவிட்டது. சேஷன் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "யாரும் சமைக்கப் போறதில்லையே. போட்டே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் பெரிய தர்மசங்கடங்களை அவர் தீர்க்கிற விதம் அதுதான்.

சாயை வீடியோவில் கூப்பிட்டோம். அவனுக்கும் முதலில் தலை சுற்றியது. சின்ன வயசில் இதுகளுக்கு ஆண் பெண் சொல்வது கஷ்டம், விற்றவன் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பான் என்றான். பிறகு மளமளவென்று உத்தரவு போட்டான். பப்படத்தை உடனே தனித் தொட்டியில் விட வேண்டும். இல்லாவிட்டால் போளி சும்மா விடாது, அவளுக்குச் சில மாசம் ஓய்வு வேண்டும். முட்டைகளை எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பெற்றதுகளே தின்றுவிடும்.

"எடுத்து என்ன பண்றது?" என்றாள் விஜயம்.

"ஒரு கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சிடுங்கோ அத்தை. இப்போ அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது. வளக்கறவா எல்லாரும் அப்படித்தான் பண்றா."

"எல்லாத்தையுமா?"

"பொரிஞ்சா தினம் ரெண்டு நேரம் உயிரோட இருக்கற குட்டி எறால் குஞ்சு குடுக்கணும். ஒண்ணு காலை ஒண்ணு கடிச்சுத் தின்னும். உங்களால முடியாது அத்தை."

அவள் தொட்டியைப் பார்த்துத் தலையை அசைத்தாள். சரி, வழக்கம்போலத் தலையாட்டிவிட்டாள் என்று நினைத்து நான் ஃபோனை அணைத்தேன். அப்போது சொன்னாள்: "நாப்பது வச்சுக்கறேன் மன்னி."

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு எண் இவ்வளவு தீர்மானமாக வந்து நான் கேட்டதில்லை.

"எதுக்கு?" என்றேன்.

"என் கையால ஒண்ணாவது வரட்டும்."

இதற்கு மேல் அவள் விளக்கவில்லை. எனக்கு விளக்கம் வேண்டியும் இருக்கவில்லை. அவளுக்கு இருபத்துநாலு வயதில் நாகர்கோவில் பையன் ஒருவனை நிச்சயம் பண்ணியிருந்தது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் ஸ்கூட்டரில் போன இடத்தில் லாரி இடித்து அவன் போய்விட்டான். அதற்கப்புறம் வந்த ஜாதகம் எதுவும் ஒட்டவில்லை. அவள் கை ராசியில்லாத கை என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் தெருவில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால், அவள் போய்ச் சேருவதற்குள் பால் பொங்கி முடிந்திருக்கும். பெண்ணுக்குப் பூச்சூட்டினால், அவள் முறை வருவதற்குள் பூ தீர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் மாவடுவுக்கு முதல் கை உப்பு போடுவதுகூட நான்தான். எல்லாம் தற்செயல் போலவே நடக்கும். அவளும் தற்செயல் என்று எடுத்துக்கொண்ட மாதிரிதான் இருப்பாள்.

ஆக, அவளுக்கு வேண்டியது ஒரு குஞ்சு. தன் கையில் ஆரம்பித்து உயிரோடு வெளியே வருகிற ஒன்றே ஒன்று.

மிச்ச முட்டைகளை நவநீத் வந்து செடியோடு எடுத்துக்கொண்டு போனான். ஆரியசாலையில் அவன் அப்பாவுக்கு மல்லி, மிளகாய் மொத்தக் கடை. கடையின் முன்பாதியைப் பையன் பிடுங்கிக்கொண்டு மீன் தொட்டிகளாக அடுக்கியிருக்கிறான். அங்கே போய் நின்றால் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டேதான் மீன் பார்க்க வேண்டும். இரண்டையும் ஆண் என்று விற்ற புண்ணியவானும் அவன்தான். நான் அதைக் கேட்டபோது, "டீச்சரே, அது வளர்ந்தப்புறம் மாறிடும்" என்றான். மாறாது என்று சாய் சொன்னதை நான் சொல்லவில்லை. முட்டையை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது.

நாற்பதையும் விஜயம் இரண்டாகப் பிரித்தாள். இருபது ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவள் கட்டிலுக்கு அடியில். இருபது இன்னொரு பெட்டியில், அரிசி பருப்பு வைக்கிற உக்ராணத்தில், தரை சில்லென்று இருக்கிற மூலையில். ஒரு இடத்தில் ஏதாவது ஆனால் மற்ற இடத்தில் மிஞ்சும் என்று கணக்கு. பெட்டியை ஒரு பெரிய டப்பில் வைத்து, டப்புத் தண்ணீரில் ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டாள். பெட்டிக்குள் தினம் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். "பைப்புத் தண்ணியை அப்படியே விடாதீங்கோ. ஒரு ராத்திரி பிடிச்சு வச்சு, குளோரின் போனப்புறம் விடுங்கோ" என்று சாய் சொன்னதை ஆஸ்பத்திரி டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி உக்ராணக் கதவில் ஒட்டினாள்.

முதல் இரண்டு நாள் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பருப்பு எடுக்கப் போனபோது குனிந்து பார்த்தேன். கடுகு மாதிரி இருந்த புள்ளியில் ஒரு கோடு விழுந்திருந்தது. நாலாம் நாள் அது உருண்டையாக இல்லை, நீண்டிருந்தது. ஐந்தாம் நாள் ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் வால். என்னென்னவோ படித்திருக்கிறேன், ஒரு உயிர் இப்படி நாளுக்கு நாள் கண்ணெதிரே வடிவம் மாறுவதை நான் பார்த்ததே இல்லை. சாயைச் சுமந்தபோதுகூட உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு எங்கே தெரிந்தது? நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

விஜயம் காலையில் இரண்டு பெட்டிக்கும் தண்ணீர் மாற்றிவிட்டு எட்டுப் பத்து பஸ்ஸுக்குப் போய்விடுவாள். மத்தியானம் வீட்டில் நான் மட்டும். கை பரபரக்கும். என் பிள்ளை வாங்கிய ஜந்துவின் முட்டை, என் உக்ராணத்தில் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு பங்கும் கிடையாதா? மூன்றாம் நாளிலிருந்தே அவளிடம் சொல்லாமல் உக்ராணத்துப் பெட்டிக்கு நானும் ஒரு சொம்பு தண்ணீர் மாற்ற ஆரம்பித்தேன். விதிப்படிதான் செய்தேன். ராத்திரி பிடித்து வைத்த தண்ணீர் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று: செப்புத் தவலையில் இருப்பது. தினம் ராத்திரி நிரப்பி, காலையில் எழுந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தம்ளர் குடிக்கிற தண்ணீர். வீட்டிலேயே உசத்தியான தண்ணீர் அதுதான். அவள் பாவம், ஏதோ பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடித்து வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் உக்ராணத்துப் பெட்டியில் ஐந்து முட்டை வெளுத்துப்போயிருந்தது. எட்டாம் நாள் பதினொன்று. உள்ளே இருந்த சின்ன உருவம் சாம்பல் நிறமாகிச் சுருண்டு, மேலே பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்திருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் இருபதும் நன்றாக இருந்தன.

விஜயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பெட்டிகளையும் கூடத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். "ரெண்டுக்கும் ஒரே பக்கெட் தண்ணிதான். ஐஸ் பாட்டிலும் அதேதான். இதுவும் இருபது டிகிரி, அதுவும் இருபது டிகிரி. ஒரே செடியிலேர்ந்து எடுத்ததுதான். அப்புறம் ஏன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர்களை மாற்றி வைத்தாள். பெட்டிகளை இடம் மாற்றி வைத்தாள். எது எந்தப் பெட்டியின் மூடி என்று அவளுக்கே குழம்பி, பிறகு ஒட்டியிருந்த அரிசி மாவைப் பார்த்து உக்ராணத்துப் பெட்டியின் மூடியைக் கண்டுபிடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நானும் தண்ணீர் மாற்றினேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். நான் மாற்றியது நல்ல தண்ணீர் ஆயிற்றே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மன்னி, இனிமே தண்ணி நீங்களே மாத்துங்கோ. ரெண்டு பெட்டிக்கும்."

"ஏன், உனக்கு என்ன?"

"என் கை வேண்டாம். இதாவது பொழைக்கட்டும்."

அழவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை, பைத்தியம் மாதிரிப் பேசாதே என்று நான் அவளை அதட்டியிருக்க வேண்டும். செரி, நான் பாத்துக்கறேன் என்றேன். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. சாய் என்னிடம் கொடுக்காததை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அன்று முதல் இரண்டு பெட்டிக்கும் செப்புத் தவலைத் தண்ணீர். பாதி போதாது என்று முக்கால்வாசி மாற்றினேன். வெளுத்ததையெல்லாம் ஸ்பூனால் எடுத்துப்போட்டேன். பத்தாம் நாள் உக்ராணத்துப் பெட்டி காலி. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் ஆறு வெளுத்திருந்தது. நான் பயந்துபோய் ஒரு நாளைக்கு இரண்டு வேளை மாற்றினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் மிச்சம் மூன்று.

அதில் ஒன்று பிறகு பொரிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அது விரல் நீளம் இருக்கிறது, நாலு காலும் சரியாக இருக்கிறது, பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. ஆனால் அந்தக் காலையில் எனக்கு அது தெரியாது. மூன்று முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் கைதான் காரணம் என்றால், என் கைக்கு வந்தப்புறம் ஏன் சாக வேண்டும்? என் கை வீட்டு மாவடுவுக்கு முதல் உப்பு போடுகிற கை. சாயிடம் கேட்டால் பூஞ்சையாக இருக்கும் என்கிறான். பூஞ்சை முதலில் வந்ததா, சாவு முதலில் வந்ததா என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. விஜயம் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் தொட்டது எல்லாம் அப்படித்தான் மன்னி. நாப்பதையும் முதல்ல பிரிச்சு வச்சது நான்தானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவில்லை. பெட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்குப் போனேன். நவநீத் ஏதேதோ காகிதக் கீற்றுகளை அதில் முக்கி நிறம் பார்த்தான். நான் தும்மிக்கொண்டு நின்றேன்.

"தண்ணியில குழப்பம் ஒண்ணும் காணலையே டீச்சரே. பைப்புத் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?"

"பைப்புத் தண்ணி. ராத்திரி பிடிச்சு வச்சது."

"எதுல பிடிச்சு வச்சீங்க?"

"செப்புத் தவலையில."

அவன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான்.

"செப்பா? இந்தக் காகிதத்துல அது தெரியாது. மீன் உடம்புல புள்ளி வந்தா நாங்க செப்பு கலந்த மருந்து போடுவோம் டீச்சரே. ஆனா நத்தை, எறால், இந்த மாதிரி ஜந்து இருக்கற தொட்டியில ஒரு சொட்டு விட மாட்டோம். வளர்ந்ததே தாங்காது. முட்டைக்குள்ள இருக்கறது எப்படித் தாங்கும்?"

"நாங்க தினம் குடிக்கறோமே."

"நமக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு விஷம்."

மூன்றாம் நாளிலிருந்து உக்ராணத்துப் பெட்டி. எட்டாம் நாளிலிருந்து மற்றதும். கணக்கு என் தலைக்குள் தானாகவே போட்டுக்கொண்டு வரிசையாக நின்றது. ஒரு படியும் விட்டுப்போகவில்லை. ஒரு கேள்வி, ஒரு விடை. விடை நான்.

ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் சாலைக் கடைகள் வழியாக நடந்தேன். வீட்டுக்குப் போய், சாயங்காலம் அவள் வந்தப்புறம் மெதுவாகச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். சாயங்காலம் வரை தள்ளினால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. என்னை எனக்குத் தெரியாதா? அப்புறம் அவள் சாகிறவரை அது அவள் கைதான். பழவங்காடியில் தேங்காய் உடைக்கிற கூட்டத்தைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இருபது வருஷத்தில் அவள் வேலை செய்கிற இடத்துக்கு நான் போனதே இல்லை. டோக்கன் ஜன்னலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். அவள் தலை நிமிராமல், பேர் கேட்டு, வயசு கேட்டு, சீட்டைக் கிழித்து, எந்த அறை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. என் முறை வந்தது.

"பேரு?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவள் திகைத்துப்போனாள். "மன்னி? கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லை."

"அண்ணாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லை விஜயம். அந்த முட்டையெல்லாம் நான்தான் கொன்னேன்."

அவள் முழித்தாள். நான் கண்ணாடி ஓட்டைக்கு நேராக வாயை வைத்துச் சொன்னேன். செப்புத் தவலை, நவநீத் சொன்னது, எல்லாம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"உக்ராணத்துப் பெட்டிக்கு நான்னா மாத்தினேன்?"

"மத்தியானம் நானும் மாத்தினேன். மூணாம் நாள்லேர்ந்து. உன்கிட்ட சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"எனக்கும் கொஞ்சம் வேணும்னு இருந்தது. சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"நான் எப்போ மன்னி உங்களை வேண்டாம்னிருக்கேன்?"

எனக்குப் பின்னால் நின்றவர், "சேச்சி, டோக்கன்" என்றார். அவள் கை நீட்டிச் சீட்டை வாங்கி, எழுதி, கிழித்து, எனக்குப் பக்கவாட்டில் அவரிடம் கொடுத்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"அப்போ நான் விட்ட தண்ணி?"

"அது பிளாஸ்டிக் பக்கெட் தண்ணி. அதுல ஒரு தப்பும் இல்லை. உன் கட்டிலுக்கு அடியில இருந்த இருபதும், உன் கையில இருந்த வரைக்கும் ஒண்ணுகூடச் சாகலை. எட்டு நாள். நீயே யோசிச்சுப் பாரு. என் கைக்கு வந்தப்புறம்தான் செத்துது."

அவள் யோசித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது, நாளை எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எண்ணி முடித்தப்புறமும் முகத்தில் குழப்பம் போகவில்லை. இத்தனை வருஷம் அப்படி நம்பிவிட்டு ஒரு நிமிஷத்தில் எப்படிப் போகும்? நான் அங்கிருந்து நகர்ந்திருக்கலாம். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அது பாதிதான் என்று நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றேன். "சாய்க்கு அன்னம் ஊட்டினோமே, பழவங்காடிப் பிள்ளையார் நடையில. எல்லாரும் ஊட்டி முடிச்சு உன் முறை வரச்சே, அவனுக்குத் தூக்கம் வரதுன்னு நான் தூக்கிண்டு போயிட்டேன். அவனுக்குத் தூக்கம் வரலை."

விஜயம் டோக்கன் கட்டை மேஜைமேல் வைத்தாள்.

"தெரியும். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சுண்டிருந்தான்" என்றாள்.

பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். அவள் அவர்களைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள். பிறகு கண்ணாடிக்குக் கிட்டே வந்தாள்.

"அந்த மூணுக்கும் இன்னிக்குத் தண்ணி மாத்தினேளா?"

"இல்லை."

"மாத்த வேண்டாம். பெட்டியைத் தொடாதீங்கோ. நான் வந்து மாத்தறேன்."

அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சரியென்று தலையாட்டினேன். அவள் டோக்கன் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அடுத்தவா வாங்கோ" என்றாள். நான் வரிசையை விட்டு விலகி நின்றேன்.